இடித்த வீட்டின் மண்

வெண்ணந்தூர்
19-7-1980

மாமாவுக்கு,

நீங்கள் கர்நூல் போய்ச் சேர்ந்துவிட்டதாக உங்கள் போர் போடும் ரிக் முதலாளி கருப்பண்ணன் அண்ணன் வீட்டில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் கையெழுத்தில் ஒரு வரி வந்திருந்தால் இதைக் கொஞ்சம் நிதானமாக எழுதியிருப்பேன்.

நானும் பிள்ளைகளும் இன்னும் வண்டிக் கொட்டகையில்தான் இருக்கிறோம். ஒரு பக்கம் மாடுகள், ஒரு பக்கம் நாங்கள், நடுவில் ஒரு தட்டி. ஆடிக் காற்றில் அடுப்புச் சாம்பல் சோற்றில் விழுகிறது. கோகிலா பள்ளிக்கூடத்துப் புத்தகங்களை மாட்டுத் தொட்டிக்கு மேலே பலகை கட்டி வைத்திருக்கிறாள். "நம்ம ஊடு எப்பம்மா முளைக்கும்?" என்று ராசு கேட்கிறான்.

ஒன்று மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சிமென்ட் வந்த பிறகு பழைய வீட்டை இடித்திருக்கக் கூடாதா? மண்சுவர்தான், ஓடும் பொத்தல்தான். ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க ஓர் இடம் இருந்தது. நீங்கள் ரிக்குக்குக் கிளம்பும் முன்னால், ஆள்கூடக் கூப்பிடாமல், கடப்பாறையை எடுத்துக்கொண்டு நீங்களே இறங்கினீர்கள். யாரோடோ சண்டை போடுகிற மாதிரி இடித்தீர்கள். "கான்கிரீட் போட்டுத் தார்சு ஊடு கட்டறவனுக்கு இது எதுக்கு" என்றீர்கள். இப்போது தார்சு வீடும் இல்லை, இதுவும் இல்லை. வாசலில் மண் மலைபோலக் கிடக்கிறது.

சிமென்ட் பர்மிட்டுக்கு ராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் அலைந்தேன். கேட்டதில் கால்வாசிதான் கிடைக்கும் என்கிறார்கள். அது மேல்தளத்துக்குப் போதாது.

திரும்பி வரும்போது சூரமங்கலத்தில் பஸ்ஸுக்காக நின்றேன். ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்கள் ஓர் இரும்புப் பெட்டியில் ஈரமண்ணைக் கொட்டி, மூடி, நீளமான கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி அழுத்தினார்கள். திறந்தால் உள்ளே ஒரு கல். மண்தான், கொஞ்சமாகச் சிமென்ட் கலந்த மண். ஆனால் ஓரமெல்லாம் கத்தியால் வெட்டினது போல இருந்தது. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். அங்கே வேலை பார்க்கும் அருணகிரி என்ற என்ஜினீயர் கூப்பிட்டுச் சொன்னார்: "இதுக்குச் சூளை வேண்டாங்க, வெறகு வேண்டாங்க. நெழல்ல அடுக்கி, வைக்கோல் போட்டு நனைச்சிட்டே வந்தா, ஒரு மாசத்துல இறுகிப் போகும்."

தார்சுக்குப் போதாத சிமென்ட் இதற்குத் தாராளமாகப் போதும். நாம் இதில் சுவர் எழுப்பினால் என்ன? கோபப்படாமல் யோசித்து எழுதுங்கள்.

வசந்தாமணி


கர்நூல்
3-8-1980

வசந்தா,

உன் கடிதம் நான் இருந்த ஊர்களையெல்லாம் தேடி அலைந்து இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. இங்கே ஒரு ஊரில் ஒரு வாரம்கூட நிலையாக இல்லை. நேற்று ஓட்டின போரில் முந்நூறு அடி போயும் புகைதான் வந்தது. நிலத்துக்காரன் குழிக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, இன்னும் பத்தடி, இன்னும் பத்தடி என்று கையை விரித்துக் காட்டினான். அவனுடைய கிணறு எங்கே என்று கேட்டேன். அதை மூடித்தான் அதன்மேல் நாங்கள் ரிக்கை நிறுத்தியிருக்கிறோம் என்றான். தூக்கம் சரியாக இல்லை. கம்ப்ரசர் சத்தம் நின்ற பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மண் பேச்சே வேண்டாம். நீ பார்த்தது அரசாங்கம் வைத்த கண்காட்சி. அதில் அவர்கள் பிள்ளைகளா படுக்கப் போகிறார்கள்? கருப்பண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். வெளியில் எப்படியாவது பிடித்து சிமென்ட் அனுப்புவான். தீபாவளி ஆனாலும் தை ஆனாலும் பொறுத்திரு. கல், கம்பி, சிமென்ட். இது மூன்றைத் தவிர வேறு எதுவும் என் வாசலில் எழும்பக் கூடாது.

இடித்துப் போட்ட மண்ணை வண்டி வைத்து ஏரியில் கொட்டச் சொல். அது அங்கே கிடப்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

மழை பெய்தால் பிள்ளைகளைக் கொட்டகையிலேயே வைத்துக்கொள். பக்கத்து வீட்டுச் சுவரோரம் எங்கேயும் ஒதுங்க விடாதே. மறக்காதே.

சென்னிமலை


வெண்ணந்தூர்
31-8-1980

மாமாவுக்கு,

கருப்பண்ணன் அண்ணன் அனுப்பின சிமென்ட் வந்தது. நம் கொத்தனார் மாதையன் ஒரு கை அள்ளிப் பிசைந்து பலகையில் அப்பி வைத்தார். மறுநாள் அது விரலால் தள்ளினாலே உதிர்ந்தது. "பாதி சாம்பலுங்க. இதுல தளம் போட்டா நான் அடியில நிக்க மாட்டேன், நீங்களும் நிக்காதீங்க" என்றார். மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். உங்கள் முதலாளிக்குக் கோபமாம். இருக்கட்டும்.

போன வாரம் ராத்திரி பகல் என்று பார்க்காமல் மழை கொட்டியது. கொட்டகைக்குள் கணுக்கால் தண்ணீர். ராசுவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. அவனை மடியில் போட்டுக்கொண்டு மாடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். தை வரைக்கும் பொறு என்று நீங்கள் எழுதின வரிதான் மனசில் ஓடியது. மழை விட்ட அன்றே முடிவு பண்ணிவிட்டேன். கோபப்பட்டால் படுங்கள்.

மண்கல் அறுக்கிற அந்த இரும்பு அச்சை வாடகைக்கு எடுத்து வந்தாயிற்று. சூரமங்கலத்து வேலை முடிந்ததால் அருணகிரி கொடுத்தார். ஒரு நாள் அவரே வந்து, நம் மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் தண்ணீரோடு குலுக்கி வைத்தார். மணல் கீழே, களி மேலே என்று அடுக்கடுக்காகத் தெளிந்தது. களி அதிகம், ஓடை மணல் சேர்க்க வேண்டும் என்றார். மணல் அடிக்கிறோம், சலிக்கிறோம், பதினைந்து கூடைக்கு ஒரு கூடை சிமென்ட் கலக்கிறோம். செல்லியம்மாளும் அவள் தெருப் பெண்களும் வேலைக்கு வருகிறார்கள். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கும்போது அவர்கள் அடிக்கிற கேலிக்கு அளவே இல்லை.

உங்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி. மண்ணுக்காக எங்கேயும் குழி தோண்டவில்லை. வாசலில் கிடந்த மண்ணேதான். உங்கள் அப்பா குழைத்துக் கட்டின சுவர் வீண்போகவில்லை, திரும்ப நமக்கே சுவராகிறது. பழைய கதவு, விட்டம், உடையாத ஓடு எல்லாவற்றையும் அப்படியே பயன்படுத்தப் போகிறேன். சூளைக்காரர்கள் ஏரிக்கரைப் பனைகளில் பாதியைத் தின்றுவிட்டார்கள். நம் வீட்டுக்காக ஒரு மரம்கூட எரியவில்லை என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

வசந்தாமணி


சோலாப்பூர்
19-9-1980

வசந்தாமணி,

ஏரியில் கொட்டச் சொன்ன மண்ணை எடுத்துச் சுவர் வைக்க உன்னை யார் கேட்டார்கள்? வேறு எந்த மண்ணாக இருந்தாலும் இவ்வளவு எழுத மாட்டேன். அந்த மண் வேண்டாம். நிறுத்து. அறுத்த கல்லையெல்லாம் உடைத்துப் போடு.

காரணம் கேட்காதே. நான் சொல்கிறேன், அது போதும்.

என் பேச்சைக் கேட்காமல் கட்டினால் அந்த வீட்டில் நான் கால் வைக்க மாட்டேன்.

சென்னிமலை


வெண்ணந்தூர்
14-11-1980

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டிருந்தது. பதில் இரண்டு போட்டேன். ஒன்றுக்கும் மறுமொழி இல்லை. நீங்கள் லாத்தூர் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். இதாவது சேருமா தெரியவில்லை.

ஊரார் யாராவது எழுதுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். தீபாவளி மழையில் பின்சுவர் ஒன்று விழுந்துவிட்டது. பகலில்தான், யாரும் பக்கத்தில் இல்லை. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிள்ளைகள் கொட்டகையில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள்.

விழுந்த சத்தம் கேட்டதும் மாதையன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். இரண்டு பேரும் மழையிலேயே நின்று பார்த்தோம். அந்தப் பக்கத்தில் இருந்தது முதன்முதல் அறுத்த கல். இறுகுவதற்கு முன்னாலேயே எடுத்து வைக்கச் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். பொங்கலுக்கு நீங்கள் வரும்போது வீடு நிற்க வேண்டும் என்று நான்தான் அவசரப்பட்டேன். இன்னொன்றும் கவனித்தேன். பின்பக்கம் நிலம் வீட்டை நோக்கிச் சரிகிறது. வருகிற தண்ணீரெல்லாம் சுவர் அடியில் குளம் கட்டி நின்றது.

விழுந்ததையெல்லாம் அள்ளிப் பொடித்து, மறுபடி அறுத்து, இந்தத் தடவை ஒரு மாசம் முழுக்க வைக்கோல் மூடி நனைக்கிறோம். பின்பக்கம் இடுப்பளவு கருங்கல் வைத்துவிட்டு அதன்மேல்தான் மண்கல் வரும். ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் திருப்பியாயிற்று. ஓட்டுத் தண்ணீரும் அங்கேதான் போகப்போகிறது. ஊர் ஊராகப் பூமியைத் துளைக்கிறவர் வீட்டுக் கிணறு வற்றக் கூடாது, இல்லையா?

"மண்ணு ஊடு மண்ணோட போச்சு" என்று ஊரில் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரிப்பதானால் சிரியுங்கள். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

வசந்தாமணி


(அஞ்சலட்டை)
லாத்தூர்
1-12-1980

வசந்தா, யாருக்கும் அடிபடவில்லை என்று எழுதியிருக்கிறாய். நிஜம்தானா? எனக்காகச் சொல்லாதே. பிள்ளைகள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று கோகிலாவை அவள் கையாலேயே ஒரு வரி எழுதச் சொல். பொங்கலுக்கு வாரேன்.

செ.


வெண்ணந்தூர்
2-2-1981

மாமாவுக்கு,

நீங்கள் கிளம்பிப் போனதிலிருந்து எதிலும் மனசு ஒட்டவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிறேன். எதற்கு வந்தேன் என்று மறந்துபோகிறது.

வந்தீர்கள், பிள்ளைகளுக்குத் துணி கொண்டுவந்தீர்கள், மாட்டுக்குக் கொம்பு சீவினீர்கள். கால் வைக்க மாட்டேன் என்று சொன்னது கோபத்தில் சொன்னது என்றுதான் நினைத்தேன். ஆனால் இருந்த நாள் பூராவும் வாசலில் சாப்பிட்டு, கொட்டகையிலேயே படுத்தீர்கள். பொங்கலன்றுகூட உள்ளே வரவில்லை. ஒரம்பரை, உறவுசனமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. உங்கள் சித்தப்பா வெளிப்படையாகவே கேட்டார்: "ஏஞ் சென்னிமலை, பொண்டாட்டி கட்டுன ஊட்டுக்குள்ள போறதுக்கு வெக்கமா?" நீங்கள் பீடியைப் பற்றவைத்தீர்கள்.

கோகிலா உங்கள் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, என் அலமாரியைப் பாக்க வாங்க" என்றாள். அவளுக்குச் சுவரிலேயே குழிவாக விட்டுக் கட்டின புத்தக அலமாரி. வாசற்படி வரைக்கும் வந்தீர்கள். உங்கள் உள்ளங்கை வேர்த்திருந்ததாக அவள் சொன்னாள். அதன்பிறகு அவள் உங்களைக் கூப்பிடவில்லை.

ஒன்றைப் பார்த்தேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிளம்பும் அன்று காலையில் யாரும் இல்லை என்று நினைத்துப் பின்சுவர் பக்கம் போனீர்கள். சுவரில் கையை வைத்து ரொம்ப நேரம் நின்றீர்கள். நான் கிணற்றடியில் இருந்தேன். வெறுப்பாக இருக்கிறவன் அப்படித் தொடமாட்டான்.

கல்யாணமான காலத்திலிருந்தே மழை வந்தால் நீங்கள் வீட்டுக்குள் இருந்ததில்லை. பீடி குடிக்க என்று கொட்டகைக்குப் போய்விடுவீர்கள். இதையெல்லாம் சேர்த்து வைத்து யோசிக்கிறேன். என்னோடு என்ன மனக்குறை? தார்சு வீடு இல்லாமல் கருப்பண்ணன் அண்ணன் முன்னால் தலை குனிவா? எதுவானாலும் எழுதுங்கள். தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தின்கிறது.

வசந்தாமணி


லாத்தூர்
22-2-1981

வசந்தா,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இன்றைக்குக் கம்ப்ரசர் பழுது. வேலை இல்லை. ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டாதே.

எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள் என்று உனக்குத் தெரியும். பாவாயி. காய்ச்சலில் போனாள் என்று சொல்லியிருந்தேன். காய்ச்சல் இல்லை.

எனக்குப் பதினோரு வயசு, அவளுக்கு ஆறு. அம்மாவும் அப்பாவும் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். ஐப்பசி மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் பின் அறையில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். கடலையை அவள் மடியில் போட்டுக்கொள்வாள், தொலியை என் மேல் எறிவாள். வெளியே ஆட்டுக்குட்டி கத்தியது. பிடித்து உள்ளே கட்டிவிட்டு வரலாம் என்று எழுந்து போனேன். கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி.

திரும்பிப் பார்த்தால் சுவர் இல்லை. அந்தப் பக்கத்துக் காடு தெரிந்தது. கையால் தோண்டினேன். ஈரமண் எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியாது. ஆட்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்பாவுக்கு வேறு வழி இல்லை. அடுத்த மாசமே அதே மண்ணைக் குழைத்து அதே இடத்தில் சுவர் வைத்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் நான் பாய் போட்டுப் படுத்தேன், வளர்ந்தேன், உன்னைக் கட்டிக்கொண்டு வந்தேன். மழை வந்தால் என்னால் உள்ளே இருக்க முடியாது. ரிக்கில் சேர்ந்ததுகூடக் கூலிக்காக மட்டும் இல்லை. பாறையைப் பார்த்தால் எனக்கு நிம்மதி. கையில் நாலு காசு சேர்ந்ததும் முதல் வேலையாக அந்தச் சுவரைத்தான் இடித்தேன். சிமென்ட் வரும் வரைக்கும் பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியவில்லை.

இப்போது நீ அதே மண்ணில் என் பிள்ளைகளைப் படுக்க வைத்திருக்கிறாய். உன்மேல் தப்பில்லை. உனக்குத் தெரியாது.

பின்சுவர் விழுந்தது என்று நீ எழுதின அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஒரு நாள் பூரா இந்த ரிக்கின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் வயிற்றுவலி என்றேன்.

தார்சு வீடு, கௌரவம், கருப்பண்ணன் என்று நீ எழுதியிருக்கிறாய். அது ஒன்றும் இல்லை.

சென்னிமலை


வெண்ணந்தூர்
12-3-1981

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிணற்றடியில் போய் உட்கார்ந்தேன். அந்த மண்ணை உங்களுக்குச் சந்தோஷமான செய்தி என்று நான் எழுதினேனே. அந்த வரியை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

செல்லியம்மாளைக் கேட்டேன், இது உனக்குத் தெரியுமா என்று. "தெரியுங்க அம்மிணி. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதே" என்றாள். பாவாயிக்கு அவள் ஒரு வயசு மூத்தவளாம். ஓடையில் சேர்ந்து குளித்திருக்கிறார்கள். பாவாயிக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது என்றும், சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்வாள் என்றும் சொன்னாள். நீங்கள் இதை மறந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

பின் அறை மண் தனிக் குவியலாகத்தான் கிடந்தது, அது எந்தெந்தச் சுவரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் படுக்கிற அறை, சமையல்கட்டு, பின்சுவர். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் ஆள் வைத்து இறக்கிவிடுகிறேன். இவ்வளவு கஷ்டப்பட்டோமே என்று நான் முனகமாட்டேன். மறுபடி கொட்டகைக்குப் போவோம். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. இதை எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். பாவாயி இருந்த அறையும் நான் கட்டி விழுந்துபோன சுவரும் ஒரே இடம். பின்பக்கத்துச் சரிவில் தண்ணீர் வந்து நிற்கிற இடம். மாதையனும் நானும் தோண்டிப் பார்த்தபோது, பழைய சுவருக்கு அடியில் கல்லே இல்லை, மண் மேலேயே மண். எத்தனை ஐப்பசிக்கு அங்கே தண்ணீர் நின்றிருக்குமோ! மண்ணைக் குறைசொல்லத் தோன்றவில்லை எனக்கு. நிற்கவிட்ட தண்ணீரைத்தான் குறைசொல்வேன். இப்போது அங்கே தண்ணீர் நிற்பதில்லை. ஆனால் இதையெல்லாம் அறிவால்தான் சொல்கிறேன். தோண்டின கை உங்களுடையது.

நீங்கள் துளைத்துப் பார்க்காமல் எதையும் நம்பாதவர். ஊரில் எல்லாரும் கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கும்போது நீங்கள் சிரிப்பீர்கள். வாருங்கள். வந்து என் சுவரில் எங்கே வேண்டுமானாலும் ஓட்டை போடுங்கள். ஊறப்போடுங்கள். உடையுங்கள். அதன்பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால் இறக்கிவிடலாம்.

அச்சை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. செல்லியம்மாள் தெருவில் போன ஐப்பசி மழைக்கு நாலு வீட்டுச் சுவர் சரிந்தது. எல்லாம் வெறும் மண்சுவர். அவர்கள் அச்சைக் கேட்கிறார்கள். கொடுப்பதா வேண்டாமா என்று உங்களைக் கேட்காமல் முடிவு செய்ய இந்தத் தடவை எனக்குக் கை வரவில்லை.

வசந்தாமணி


லாத்தூர்
29-3-1981

வசந்தா,

இறக்க வேண்டாம்.

குற்றம் தண்ணீரோடது, மண்ணோடது இல்லை என்று நீ எழுதினதைப் படித்து முதலில் ஆத்திரம் வந்தது. முப்பது வருஷம் கழித்துக் காரணம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று காகிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு போய் எடுத்துக்கொண்டு வந்தேன். பல் விழுந்தது எனக்கு மறந்துபோயிருந்தது.

செல்லியம்மாளிடம் அச்சைக் கொடு. ஆனால் கல்லை மட்டும் அறுத்து வையுங்கள், நான் வரும்வரை ஒரு கல்கூடச் சுவரில் ஏறக் கூடாது. ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் எடுத்து நான் ஊறப்போட்டுப் பார்ப்பேன். கரைந்தால் அந்த அடுக்கு முழுக்கத் தூர எறிவேன். அவர்கள் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இப்போதே பார்த்துவை. சித்திரை பிறந்ததும் வாரேன். இந்த வருஷம் கோடைக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கருப்பண்ணனிடம் சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்.

கோகிலாவிடம் அலமாரியைப் பார்க்க வருவேன் என்று சொல். வேண்டாம், சொல்லாதே. வந்த பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

சென்னிமலை


லாத்தூர்
8-6-1981

வசந்தா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரிக்கைப் புது இடத்துக்கு மாற்றியாயிற்று. முதல் நாளே நூற்றுப்பத்து அடியில் தண்ணீர். நிலத்துக்காரனிடம், கிணற்றை மூடாதே, மழைத்தண்ணீரை அதில் திருப்பு என்று சொன்னேன். நான் போர் போடுகிறவன், எனக்கு எதற்கு இந்தப் பேச்சு என்கிற மாதிரிப் பார்த்தான். கருப்பண்ணனும் அப்படித்தான் பார்த்தான்.

செல்லியம்மாள் வீட்டுக்கு ஓடு ஏறிவிட்டதா? வடக்குச் சுவர் மூலையில் நான் கரி போட்டுக் குறித்த கல்லை மாற்றச் சொன்னேன். மாதையன் சரி சரி என்று தலையாட்டினாரே தவிர, மாற்றினாரா என்று தெரியவில்லை. நீ போய்ப் பார்.

ஊரில் இருந்தபோது பேச முடியாத ஒன்றை இங்கே வந்து எழுதுகிறேன்.

வந்த அன்றைக்கு நடு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நீ இலை போட்டாய். கோகிலா அலமாரியைக் காட்டினாள். சுவரில் நாலு இடத்தில் துளை போட்டுப் பார்த்தேன். உள்ளே காய்ந்து, இறுகி, துளைக்கிற பிட்டே மழுங்குகிற மாதிரி இருந்தது. சரி, தீர்ந்தது என்று நினைத்துவிட்டேன். வெயில் காலம்தானே, தைரியம் சுலபமாக வந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம் கோடை மழை வந்தது. ஒரே ஒரு இடிதான். என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டேன். கோகிலா எழுதிக்கொண்டிருந்த நோட்டு நனைந்தது. எதிர்வீட்டில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒரு ஆம்பளை, வீடு இருக்கும்போது, பிள்ளைகளோடு மழையில் நிற்கிறான்.

நீ வாசற்படியில் நின்றாய். உள்ளே வாங்க என்று கூப்பிடுவாய் என்று நினைத்தேன். கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டேன். வீம்பு பிடித்து விடியும்வரை நின்றிருப்பேன். சிரித்திருந்தால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கியிருப்பேன். நீ இரண்டும் செய்யவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாய்.

நாலு பேரும் நனைந்துகொண்டு வீட்டையே பார்த்தோம். நான் சுவரின் அடியைப் பார்த்தேன். தண்ணீர் வந்தது, கருங்கல்லைத் தொட்டது, வாய்க்காலில் திரும்பிப் போனது. மறுபடி வந்தது, போனது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. ராசுதான் கேட்டான்: "ஏனுங்கப்பா, ஊடு நனையறதைப் பாக்கவா வந்தோம்?"

"ஆமாஞ் சாமி" என்றேன்.

அவன் நடுங்கினான். அவனைத் தூக்கிக்கொண்டு நான்தான் முதலில் உள்ளே போனேன். மழை நிற்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீ தலை துவட்டத் துண்டைக் கொடுத்தாய். முதலில் அவன் தலையைத் துவட்டினேன்.

ஐப்பசிக்கு ஊரில் இருப்பேன். கோடை மழை ஒரு நாள் மழை, ஐப்பசி மழை அப்படி இல்லை. இனிமேல் ஓடமாட்டேன் என்று உனக்கு நான் சத்தியம் பண்ண முடியாது. ஓடினாலும் ஓடுவேன். அப்போது கூப்பிடாதே. வந்து பக்கத்தில் நில். கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்துவிடுவேன்.

சென்னிமலை